தைலமரக் குளோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைலமரம் போடலாமா என்று யோசிக்கிறவர்களும் வனவியல் படிக்கிற பிள்ளைகளும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், கேட்கும் விதம் மட்டும் மாறும். யூகலிப்டஸ் மரத்தின் வளர்ச்சியையும் மரத் தரத்தையும் மரபுவழியில் எப்படி மேம்படுத்துகிறார்கள், அதனால் யாருக்கு என்ன லாபம் என்பது மட்டும் இங்கே. உரம், மானியம், கொள்முதல் விலை இதெல்லாம் வேறு கதை.

குளோன் கன்று என்றால் மரபணு மாற்றிய கன்றா?

இல்லவே இல்லை. செம்பருத்திக் குச்சியை ஒடித்து நட்டு இன்னொரு செடி ஆக்குகிறோமே, அதே வேலைதான். நன்றாக வளர்ந்த ஒரு மரத்தின் துளிரை எடுத்து வேர்விடச் செய்தால் தாய்மரத்தின் மரபு அப்படியே வருகிறது. வெளியிலிருந்து எந்த மரபணுவையும் புகுத்துவதில்லை. மரபணு மாற்றிய யூகலிப்டஸ் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அது பிரேசிலில். கீழே சொல்கிறேன்.

யூகலிப்டஸ் என்றால் ஒரே மரம்தானே, இதில் என்ன ரகம்?

700க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம். ஊட்டியில் பார்க்கிற, இலையைக் கசக்கினால் தைல வாசம் தூக்குகிற மரம் குளோபுலஸ். அது குளிர்ப் பிரதேசத்து மரம், புதுக்கோட்டை வெயிலில் நட்டால் தாங்காது. நம் சமவெளியில் தைலமரம் என்று நிற்பதெல்லாம் டெரெட்டிகார்னிஸ், கமால்டுலென்சிஸ் என்ற இரண்டு இனங்களும் அவற்றின் கலப்புகளும்தான். பிரேசிலில் கொடிகட்டிப் பறப்பது கிராண்டிஸ், யூரோபில்லா இரண்டின் கலப்பு. யூரோபில்லா மட்டும் கொஞ்சம் வித்தியாசமான ஆள், ஆஸ்திரேலியாவில் இயற்கையாக இல்லை, திமோரும் அதை ஒட்டிய தீவுகளும்தான் அதன் பிறந்த வீடு. அதனால் யாராவது "யூகலிப்டஸ் ஏக்கருக்கு இவ்வளவு தரும்" என்று சொன்னால், எந்த இனம், எந்த மண், எவ்வளவு மழை என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

விதைக் கன்றைவிடக் குளோன் ஏன் இவ்வளவு அதிகம் தருகிறது?

பாதிக் காரணம் குளோனின் பெருமை. மீதிப் பாதி, நாம் முன்பு நட்ட விதை அவ்வளவு மோசம் என்பது.

மைசூர் கம் என்று தென்னிந்தியா முழுக்கப் பரவிய மரத்தின் கதை நந்தி மலையில் தொடங்குகிறது. சுமார் 1790ல் திப்பு சுல்தான் அங்கே யூகலிப்டஸ் நட்டதாகச் சொல்வார்கள். அங்கே நின்ற கொஞ்ச மரங்களின் விதைதான் கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கான ஏக்கருக்குப் போனது. ஒரு சில மரங்களின் வாரிசுகளே திரும்பத் திரும்பத் தங்களுக்குள் கலந்தால் வீரியம் குறையும். யூகலிப்டஸ் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்று விதை வைக்கவும் செய்யும், அந்த விதையில் வருகிற கன்று நோஞ்சானாக இருக்கும். போதாததற்குப் பக்கத்தில் வேறு இனம் நின்றால் அதோடும் கலக்கும். விளைவு, ஒரே தோட்டத்தில் ஒரு மரம் தொடை கனத்துக்கும் பக்கத்து மரம் கைத்தடி கனத்துக்கும் நிற்கும்.

குளோனில் இந்த ஏற்றத்தாழ்வு போய்விடுகிறது. அப்போது ஆந்திராவிலும் இப்போது தெலங்கானாவிலும் இருக்கும் ஐடிசியின் பத்ராசலம் காகித ஆலை 1989ல் தொடங்கிய குளோன் திட்டம்தான் இந்தியாவில் இதைப் பெரிய அளவில் காட்டியது. மானாவாரி விதைத் தோட்டங்களில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 6 முதல் 10 கன மீட்டர் கிடைத்த இடத்தில், குளோன்களில் 20 முதல் 25 வரை கிடைத்தது என்பது அவர்கள் வெளியிட்ட கணக்கு. ஏக்கருக்கு என்றால் ஆண்டுக்கு 8 முதல் 10 கன மீட்டர். அதில் நல்ல உழவு, களை எடுப்பு, உரம் இவற்றின் பங்கும் சேர்ந்திருக்கிறது. குளோன் வாங்கியவர் நிலத்தை விதைக் கன்றுக்காரர் போலச் சும்மா போட்டுவைப்பதில்லை, காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரே.

நல்ல மரம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தோட்டத்திலேயே உயரமான மரத்தைப் பார்த்து, "இதுதான் ராஜா, இதைப் பெருக்கு" என்று சொல்லிவிட முடியாது. அந்த மரம் பழைய குப்பை மேட்டில் நிற்கலாம், வாய்க்கால் ஓரத்தில் நிற்கலாம், பக்கத்து மரம் செத்து இடம் கிடைத்திருக்கலாம். கண்ணால் பார்ப்பதில் மரபு எவ்வளவு, இடத்தின் கொடுப்பினை எவ்வளவு என்று பிரிப்பதுதான் மொத்த வேலையும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தோட்டத்தின் சராசரி மரம் 100 லிட்டர் கன அளவு, நீங்கள் தேர்ந்த மரம் 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூகலிப்டஸில் வளர்ச்சிக்கான ஹெரிட்டபிலிட்டி, அதாவது வித்தியாசத்தில் வாரிசுக்குக் கடத்தப்படும் பங்கு, பெரும்பாலும் 0.1க்கும் 0.3க்கும் நடுவில். 0.2 என்று எடுத்தால் அந்த மரத்தையும் அதற்கு நிகரான இன்னொன்றையும் சேர்த்து எடுத்த விதையில் சராசரி 120 லிட்டர்தான் எதிர்பார்க்கலாம், 200 அல்ல. குளோன் ஆக்கினால் விதையில் உடைந்துபோகும் மரபணுச் சேர்க்கையும் முழுதாக வருவதால் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனாலும் 200 ஆகாது.

அதனால்தான் இத்தனை படிகள். முதலில் எந்த ஊர் விதை என்ற சோதனை. கமால்டுலென்சிஸில் வடக்குக் குயின்ஸ்லாந்தின் பெட்ஃபோர்ட், கென்னடி ஆறு, லாரா ஆறு பகுதி விதைகள் தென்னிந்தியாவில் நன்றாக வந்தன. அதே இனத்தின் தெற்கு ஆஸ்திரேலிய விதையை இங்கே நட்டால் நோஞ்சானாக நிற்கும். அப்புறம் ஒவ்வொரு தாய்மரத்தின் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பல ஊர்களில் நட்டு, எந்தத் தாயின் பிள்ளைகள் எல்லா இடத்திலும் தேறுகின்றன என்று பார்க்கும் சந்ததிச் சோதனை. அதிலிருந்து தேறியவற்றைக் குளோன் ஆக்கி, மறுபடி பல இடங்களில் குளோன் சோதனை. நூற்றுக்கணக்கில் நுழைந்து ஐந்தோ பத்தோதான் வெளியே வரும். கோயம்புத்தூரில் 1988ல் தொடங்கிய வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்கிறது. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் விதை மையத்திலிருந்து வந்த விதைகளை வைத்து இங்கே விதைத் தோட்டங்களும் போட்டார்கள்.

மரத்தின் தரம் என்கிறார்களே, அது என்ன?

எதற்கு வெட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விறகுக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டில் பெரும்பகுதி காகித ஆலைக்குத்தான் போகிறது என்பதால் அதையே பார்ப்போம்.

காகித ஆலைக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று அடர்த்தி, ஒரு கன மீட்டர் பச்சை மரத்தில் எத்தனை கிலோ உலர்ந்த மரம் இருக்கிறது என்பது. இரண்டாவது கூழ் விகிதம், 100 கிலோ உலர்ந்த மரத்தை வேகவைத்தால் எத்தனை கிலோ கூழ் மிஞ்சுகிறது என்பது. மரத்தில் நாரோடு நாரை ஒட்டிவைத்திருக்கும் பொருள் லிக்னின். சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் 160, 170 டிகிரியில் வேகவைத்து அதைக் கரைக்கிறார்கள். லிக்னின் குறைவாக இருந்தால் நல்லது, அதைவிட முக்கியம் அது சுலபமாகக் கரையும் வகையாக இருப்பது. சிரிஞ்சில் வகை லிக்னின் அதிகமுள்ள மரம் குறைந்த ரசாயனத்தில் வெந்துவிடும். யூகலிப்டஸுக்கு இந்த விஷயத்தில் இயல்பிலேயே கொடுப்பினை உண்டு, அதிலும் மரத்துக்கு மரம் வித்தியாசம்.

இப்போது இரண்டு குளோன்களை எடுப்போம், உதாரணத்துக்குத்தான். முதலாவது ஏக்கருக்கு 40 கன மீட்டர் தருகிறது, அடர்த்தி 480 கிலோ, கூழ் விகிதம் 46 சதவீதம். கூழ் சுமார் 8.8 டன். இரண்டாவது 38 கன மீட்டர்தான், ஆனால் அடர்த்தி 550, கூழ் விகிதம் 50. கூழ் சுமார் 10.4 டன். வயலில் நின்று பார்த்தால் முதலாவதுதான் ஜோராகத் தெரியும். ஆலையில் ஒரு டன் கூழுக்கு அதில் 4.5 கன மீட்டர் மரம் வேண்டும், இரண்டாவதில் 3.6 போதும். வெட்டுக்கூலி, லாரி வாடகை, ரசாயனம் எல்லாமே அந்தக் கணக்கில் குறையும்.

சரி, அந்த லாபம் விவசாயிக்கு வருமா?

இதைத்தான் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இங்கே மரம் டன் கணக்கில், எடை மேடையில் ஏற்றித்தான் விலை. அடர்த்தி அதிகமென்றால் எடை அதிகம், காசு அதிகம் என்று தோன்றும். ஆனால் வெட்டிய சூட்டோடு எடை போட்டால் அப்படி நடப்பதில்லை. லேசான மரத்தில் காலி இடம் அதிகம், அதில் தண்ணீர் நிறைந்திருக்கும். அதனால் பச்சை மரம் எதுவானாலும் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட ஒரு டன்னை ஒட்டியே நிற்கும். வெட்டிப் பட்டை உரித்துக் காட்டிலேயே பத்துப் பதினைந்து நாள் அடுக்கிவைத்தால்தான் வித்தியாசம் தெரியும், லேசான மரம் எடையில் அதிகம் இறங்கும்.

ஆக, உடனே எடை போடுகிற விவசாயிக்குப் பருமன்தான் காசு. கூழ் விகிதம் கூடினால் வரும் லாபம் முழுக்க ஆலைக்கு. ஆலையே வளர்த்துத் தருகிற குளோனில் எந்தக் குணத்துக்கு முன்னுரிமை கொடுத்திருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். அது தப்பு என்று சொல்லவில்லை, காகித ஆலை காகிதத்துக்குத்தான் மரம் வளர்க்கும். ஆனால் கூடுதல் கூழ் தருகிற குளோனுக்குக் கூடுதல் விலை என்று ஒரு பேச்சு நடக்கவேண்டியது நியாயம் என்பது என் கருத்து.

வேகமாக வளர்ந்தால் மரம் லேசாகிவிடாதா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். யூகலிப்டஸில் வளர்ச்சிக்கும் அடர்த்திக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது, சில சோதனைகளில் லேசாக எதிர்மறை, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. அதனால் வேகமாகவும் வளர்ந்து கனமாகவும் இருக்கும் மரத்தைத் தேடினால் கிடைக்கும். அடர்த்தியின் ஹெரிட்டபிலிட்டி வளர்ச்சியைவிட நன்றாகவே அதிகம், பாதிக்கு மேல் இருப்பது சகஜம், மண் மாறினாலும் குளோன்களின் வரிசை அவ்வளவாக மாறாது. வயதுதான் கவனிக்க வேண்டியது. இளமரம் லேசு, வயது ஏற ஏறக் கனக்கும். மூன்று வருஷத்தில் அவசரப்பட்டு வெட்டினால் எந்தக் குளோனும் லேசாகத்தான் இருக்கும்.

மரத்தை வெட்டாமல் இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

மார்பு உயரத்தில் துளையிட்டுப் பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி மரத்தை உருவி எடுத்து அடர்த்தி பார்ப்பது பழைய வழி. பைலோடின் என்று ஒரு கருவி, குறிப்பிட்ட விசையில் ஊசியை மரத்துக்குள் அடிக்கும், ஊசி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று பார்ப்பார்கள், குறைவாக இறங்கினால் அடர்ந்த மரம். கூழ் விகிதத்துக்கு அகச்சிவப்பு நிறமாலை வந்தது பெரிய விடுதலை. கொஞ்சம் மரத்தூளை ஒளியில் காட்டினால் போதும், முன்பே வேகவைத்து அளந்த மாதிரிகளோடு ஒப்பிட்டு லிக்னினும் கூழும் எவ்வளவு என்று கணித்துவிடும். ஒவ்வொரு மரத்தையும் வெட்டி வேகவைத்த காலத்தில் ஆயிரம் மரத்தைச் சோதிப்பது கனவு.

பிரேசில்காரர்கள் மட்டும் எப்படி எங்கோ போய்விட்டார்கள்?

அவர்கள் தொடக்கமும் நம்முடையது போலத்தான். 1904ல் எட்முண்டோ நவாரோ டி ஆண்ட்ராடே என்பவர் ரயில் கம்பெனியின் விறகுக்காக சாவ் பாலோ மாநிலத்தில் யூகலிப்டஸைச் சோதிக்க ஆரம்பித்தார். ரியோ கிளாரோவில் பல இனங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டார், அவை இஷ்டத்துக்குக் கலந்தன. அந்த விதையை வைத்து எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் அரக்ரூஸ் நிறுவனம் 1967 முதல் நட்ட தோட்டங்கள் ஏறுமாறாக வளர்ந்தன, அதற்கு மேல் பட்டைப்புற்று நோய் வேறு. அடிமரத்துப் பட்டை வெடித்து மரம் காய்ந்து விழும்.

ஆனால் அந்தக் குப்பைக்குள்தான் மாணிக்கமும் இருந்தது. நோய் பரவிய தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்கள் கம்பீரமாக நின்றன, பார்த்தால் கிராண்டிஸும் யூரோபில்லாவும் இயற்கையாகக் கலந்தவை. கிராண்டிஸின் வேகம், யூரோபில்லாவின் நோய் தாங்கும் சக்தி. அவற்றை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து வந்த துளிரை வேர்விட வைத்து, லட்சக்கணக்கில் பெருக்கினார்கள். இதற்காக அங்கே வேலை செய்த நால்வருக்கு 1984ல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது, வனத்துறையின் நோபல் என்று அதைச் சொல்வார்கள். காங்கோவின் புவாந்த் நுவாரில் 1978லேயே இதே மாதிரி குளோன் தோட்டங்கள் தொடங்கியிருந்தன, அதையும் மறக்கக்கூடாது.

இன்று பிரேசிலின் சராசரி ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 35 கன மீட்டரை ஒட்டி. இதைப் பார்த்துவிட்டு அந்தக் குளோனைக் கொண்டுவந்து அரியலூரில் நட்டால் அதே விளைச்சல் வரும் என்று நினைக்காதீர்கள். அங்கே வருஷத்துக்கு 1200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற, ஆழமான மண் உள்ள இடங்கள் ஏராளம். இங்கே செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, ஆறேழு மாதம் மழையே கிடையாது. மரபு, வாய்ப்பு கொடுத்தால்தான் தன் வேலையைக் காட்டும்.

கலப்பினத்தைக் கையால் எப்படி உருவாக்குகிறார்கள்?

பொறுமை வேண்டும், ஏணி வேண்டும், மரத்தின் உச்சியில் காற்றடிக்கும்போது கை நடுங்காமல் இருக்கவேண்டும். யூகலிப்டஸ் பூவுக்கு இதழ் கிடையாது. மொட்டின் மேல் தொப்பி போல ஒரு மூடி இருக்கும், அது கழன்று விழுந்ததும் உள்ளே மடிந்திருந்த மகரந்தத் தாள்கள் பூவாய் விரியும். மூடி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் சமயம், தானாக விழுவதற்கு முன்பே, அதைச் சுற்றி வெட்டி மகரந்தத் தாள்களையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். இதுதான் ஆண்மை நீக்கம். நடுவில் சூல்தண்டு மட்டும் ஊசி போல நிற்கும். பையால் மூடிவிட்டு, அது பக்குவப்பட ஐந்தாறு நாள் கழித்து, வேறு மரத்திலிருந்து எடுத்துக் காயவைத்த மகரந்தத்தைத் தடவி மறுபடி மூடவேண்டும்.

பிறகு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். மூடி விழும் நேரத்துக்குச் சற்று முன் மொட்டின் நுனியையே சூல்தண்டோடு பிளேடால் நறுக்கி, வெட்டிய இடத்தில் மகரந்தத்தைத் தடவிவிடுவது. பையும் வேண்டாம், இரண்டாம் தடவை ஏறவும் வேண்டாம். ஒரு நாளில் முடிகிற மொட்டுகள் பல மடங்கு கூடிவிட்டன.

எல்லா இனமும் எல்லாவற்றோடும் கலக்காது. குளோபுலஸ் பூ பெரிது, சூல்தண்டு நீளம். நைட்டென்ஸ் என்ற இன்னொரு இனத்தின் பூ சிறியது. நைட்டென்ஸ் மகரந்தத்தைக் குளோபுலஸில் போட்டால் மகரந்தக் குழாய் பாதி வழியிலேயே நின்றுவிடும், சூல்வரை எட்டாது. திருப்பிப் போட்டால் விதை கிடைக்கும்.

முதிர்ந்த மரத்தின் கிளையை வெட்டி நட்டால் வேர் வராதா?

வராது, வந்தாலும் நூற்றுக்கு ஒன்று. மரத்துக்கு வயதாக ஆக வேர்விடும் குணம் போய்விடும். ஆனால் மரத்தை அடியோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து வரும் துளிர் இளமைக் குணத்தோடு வருகிறது, குளோன் தொழிலே இதன் மேல்தான் நிற்கிறது. அந்தத் துளிரிலிருந்து உண்டான செடிகளைத் தாய்ச்செடிப் பாத்தியில் முழங்கால் உயரத்தில் கவாத்து செய்தே வைத்திருப்பார்கள்.

நர்சரியில் ஒருமுறை நின்று பாருங்கள். காலை வெயில் ஏறுமுன் துளிர் வெட்டித் தண்ணீர் வாளியில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒன்றிரண்டு ஜோடி இலை, அதையும் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கப் பாதியாக நறுக்கிவிடுவார்கள். அடிநுனியை வேர்விடத் தூண்டும் ஐபிஏ ஹார்மோன் கலந்த பவுடரில் தொட்டு, ரூட் டிரெய்னர் என்ற நாற்றுக் குழாயில் குத்தி, பனி போலத் தண்ணீர் தெளிக்கும் மிஸ்ட் சேம்பர் அறையில் அடுக்குவார்கள். உள்ளே போனால் கண்ணாடி போட்டவருக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவு ஈரம். மூன்று நான்கு வாரத்தில் வேர் எட்டிப்பார்க்கும். பிறகு நிழல்வலை, பிறகு திறந்த வெயில். இந்தக் கடைசிப் படியில் அவசரப்பட்டு, பழகாத கன்றை விற்றுவிடுகிற நர்சரியும் உண்டு. வாங்கும்போது தண்டு கொஞ்சம் கட்டையாக, அடிப்பகுதி பழுப்பேறி இருக்கிறதா என்று பாருங்கள். தளதளவென்று வெளிர்பச்சையாக இருந்தால் அது வயலில் போய்க் கருகும்.

இலையில் முடிச்சு முடிச்சாக வருகிறதே, அது குளோனால் வந்ததா?

லெப்டோசைபி இன்வேசா என்ற குட்டிக் குளவி. ஆஸ்திரேலியாவிலிருந்து உலகம் சுற்றி, 2000க்குப் பிறகு இந்தியாவுக்குள் வந்தது. இலை நரம்பிலும் காம்பிலும் முட்டை வைக்கும், அந்த இடம் வீங்கி முடிச்சாகும், துளிர் சுருண்டு கன்று குட்டையாக நின்றுவிடும். பெரும்பாலும் பெண் குளவிகளே, ஆண் இல்லாமலே இனம் பெருக்கும் என்பதால் வேகம் பயங்கரம்.

குளோன் அதை உண்டாக்கவில்லை, ஆனால் பாதிப்பைப் பெரிதாக்கியது. விதைத் தோட்டத்தில் பத்து மரத்தில் சிலவாவது தாங்கும். குளோன் தோட்டத்தில் எல்லாம் ஒன்று என்பதால் பிடித்தால் அத்தனையும் போச்சு. விளைச்சலுக்குப் பேர் வாங்கிய சில குளோன்கள் இதில்தான் அடிவாங்கின. அப்புறம் தாங்குகிற குளோன்களைத் தேர்ந்தெடுத்தார்கள், குளவிக்கு ஒட்டுண்ணியான க்வாட்ராஸ்டிக்கஸ் மெண்டெலி என்ற இன்னொரு குளவியும் உதவிக்கு வந்தது. மருந்தடித்து இதைத் தீர்க்கலாம் என்று சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள், பூச்சி முடிச்சுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அப்படியென்றால் எத்தனை குளோன் போடுவது?

ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் மூன்று நான்கு குளோனாவது போடட்டும். ஆனால் வரிசைக்கு வரிசை கலந்து நடாதீர்கள், வேகமானது மெதுவானதை அமுக்கிவிடும். தனித்தனிப் பாத்தியாக, எது எங்கே என்று எழுதிவைத்து நடுங்கள். வெட்டும்போது எந்தப் பாத்தி எத்தனை டன் என்று தெரிந்தால், உங்கள் மண்ணுக்கு எது என்பதை எந்த விஞ்ஞானியையும்விட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள்.

குளோன் இன்னும் அதிகமாகத் தண்ணீர் உறிஞ்சுமா?

கர்நாடகத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீரியல் ஆய்வாளர் இயன் கால்டரின் குழு அளந்தது நினைவில் வைக்கத்தக்கது. மண் ஆழம் குறைவான இடத்தில் யூகலிப்டஸ் குடித்த தண்ணீர் இயற்கைக் காட்டை ஒத்திருந்தது, ஆனால் கேழ்வரகைப் போல் சுமார் இரண்டு மடங்கு. ஆழமான மண்ணுள்ள ஹொசகோட்டேயில் பெய்த மழையைவிட அதிகமாகவே எடுத்தது, அதாவது மண்ணில் சேர்ந்திருந்த பழைய ஈரத்தையும் சேர்த்து. 2017ல் கர்நாடகம் புதிதாக யூகலிப்டஸ் நடத் தடை போட்டதற்குப் பின்னணி இந்த நிலத்தடி நீர்க் கவலைதான். புதுக்கோட்டையில் மக்கள் தைலமரக் காடுகளை அகற்றச் சொல்வதும் இதற்காகவே.

மரபு மேம்பாடு இங்கே என்ன செய்யும்? ஒரு கிலோ மரத்துக்கு எத்தனை லிட்டர் என்பதில் குளோனுக்குக் குளோன் வித்தியாசம் உண்டு, நல்ல குளோன் சிக்கனமானது. ஆனால் அது ஏக்கருக்கு மரமும் அதிகம் போடுவதால் மொத்தத்தில் குடிப்பது குறையாது, பெரும்பாலும் கூடும். "தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குளோன்" என்று விற்பவர்கள் கிலோ கணக்கைச் சொல்லி ஏக்கர் கணக்கை மறைக்கிறார்கள். ஏரி நீர்ப்பிடிப்பில் எந்தக் குளோனும் வேண்டாம்.

கதவு, நிலை, பலகைக்கு ஆகுமா?

காகிதத்துக்குத் தேர்ந்த குளோன் பலகைக்கு ஆகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. யூகலிப்டஸ் தண்டின் வெளிப்புறம் இழுவிசையிலும் நடுப்பகுதி அழுத்தத்திலும் இருக்கும். வெட்டிய கையோடு தண்டின் முனை நட்சத்திரம் போல வெடிப்பதும், அறுக்கும்போது பலகை வில்லாக வளைவதும் அதனால்தான். இந்த உள்விசையிலும் மரபின் பங்கு இருக்கிறது, அதனால் குறைவாக வெடிக்கும் குளோன்களைப் பலகைக்கென்று தனியே தேர்கிறார்கள். அதற்கு மரத்தை நான்கு ஐந்து வருஷத்தில் வெட்டாமல் பத்துப் பதினைந்து வருஷமாவது விடவேண்டும், இடைவெளியும் அதிகம் வேண்டும்.

மரபணுத் தொகுப்பைப் படித்துவிட்டார்களாமே, இனி எல்லாம் சுலபமா?

2014ல் கிராண்டிஸ் மரத்தின் ஜீனோம் நேச்சர் இதழில் வெளியானது. 11 குரோமோசோம், சுமார் 64 கோடி டிஎன்ஏ எழுத்துகள், 36,000க்கும் மேல் மரபணுக்கள். தைல வாசனைக்குக் காரணமான டெர்பீன்களை உண்டாக்கும் மரபணுக்கள் அதுவரை படித்த வேறெந்தத் தாவரத்திலும் இல்லாத அளவுக்கு இருந்தன.

பலன் என்னவென்றால், கன்று விரல் நீளம் இருக்கும்போதே இலைத்துண்டிலிருந்து டிஎன்ஏ எடுத்து, இது வளர்ந்தால் எப்படியிருக்கும் என்று கணிக்கலாம். வளர்ச்சி, அடர்த்தி எல்லாம் ஒரு மரபணுவில் இல்லை, நூற்றுக்கணக்கான இடங்களில் துளித்துளியாகப் பரவியிருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே கணிக்கிறார்கள். ஒரு தலைமுறைத் தேர்வில் பல வருஷம் மிச்சமாகும். ஆனால் கணிப்புக்கு அடிப்படை வயலில் அளந்த ஆயிரக்கணக்கான மரங்களின் கணக்குதான். வயல் சோதனையை நிறுத்திவிட்டு லேபில் மட்டும் உட்கார்ந்தால் கணிப்பு இரண்டு தலைமுறையில் பிசகிவிடும்.

பிரேசிலின் மரபணு மாற்றிய மரம் என்ன ஆனது?

சுசானோ நிறுவனத்தின் ஃபியூச்சராஜீன் உருவாக்கியது அது. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் மரபணுவைப் புகுத்தி, செல்சுவர் நெகிழ்ந்து வேகமாக வளரச் செய்தார்கள். 20 சதவீதம் கூடுதல் விளைச்சல் என்றார்கள். 2015 ஏப்ரலில் பிரேசில் அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய மாதம் நிலமற்றோர் இயக்கத்துப் பெண்கள் நர்சரிக்குள் புகுந்து நாற்றுகளை அழித்தார்கள். தேன் வளர்ப்போரும் எதிர்த்தார்கள், யூகலிப்டஸ் பூ அங்கே தேனுக்குப் பெரிய ஆதாரம். என்னைக் கேட்டால், சாதாரணத் தேர்விலேயே இன்னும் இவ்வளவு வித்தியாசம் எடுக்கப்படாமல் கிடக்கும்போது நமக்கு அதற்கு அவசரமில்லை.

முதல் வெட்டு முடிந்தது. துளிர்க்க விடலாமா, புதுக் குளோன் போடலாமா?

பழைய தோட்டம் குளோனாக இருந்து, அடிக்கட்டைகள் பத்துக்கு எட்டாவது உயிரோடு இருந்தால் துளிர்க்க விடுங்கள், வேர் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, நடவுச் செலவு இல்லை. கட்டைக்கு ஒன்று அல்லது இரண்டு துளிரை வைத்து மற்றதைக் கழியுங்கள். விதைக் கன்றுத் தோட்டமாக இருந்தாலோ, முடிச்சு வந்த குளோனாக இருந்தாலோ கட்டையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சரி. பிடுங்கும் செலவு கண்ணை உறுத்தும், அதற்குப் பயந்து மூன்றாம் நான்காம் வெட்டு வரை இழுப்பவர்கள் வெட்டுக்கு வெட்டு டன் குறைவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

என் குளோன் தோட்டத்தில் காய் பிடித்திருக்கிறது, அந்த விதையில் நாற்று விடலாமா?

வேண்டாம். தோட்டம் முழுக்க ஒரே குளோன் என்றால் பக்கத்து மரத்து மகரந்தமும் தன் மகரந்தமும் ஒன்றுதான், கன்று நோஞ்சானாக வரும். கலப்பினமாக இருந்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து, மைசூர் கம் காலத்து ஏற்றத்தாழ்வு திரும்ப வந்துவிடும். விதைதான் வேண்டுமென்றால் பல குடும்பத்து மரங்களைக் கலந்து, மட்டமானவற்றை வெட்டி நீக்கிய விதைத் தோட்டத்து விதையைக் கேளுங்கள். கன்று குளோனைவிட மலிவு, ஒரே நோயில் மொத்தமாகப் போகாது, மானாவாரியில் மோசமான மண்ணுக்கு அது ஒன்றும் குறைச்சலான தேர்வில்லை. உங்கள் தோட்டத்துத் துளிரை வெட்டி உங்கள் நிலத்துக்கே கன்று போட்டுக்கொள்வதென்றால் 2001ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயிக்கு இடமிருக்கிறது, பதிவான ரகத்தைப் பெயர் போட்டு வியாபாரம் செய்வதற்குத்தான் இல்லை. மிஸ்ட் சேம்பர் இல்லாமல் பாலித்தீன் கூடாரத்தில் முயன்றால் மழைக்காலத்தில் ஓரளவு பிழைக்கும், சித்திரை வெயிலில் முயலவேண்டாம்.